இரண்டாம் கவுண்டரில் அச்சான பட்டியல்

தாளின் கீழ் மூலையில் 12.07 என்று இருந்தது.

துப்பறிவாளர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்தவள் கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

கண் வங்கியில் இரண்டாம் கவுண்டர் அவளுடையது. பதினோரு வருட வேலை. கருவிழிக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியலைத் தினமும் பகல் பன்னிரண்டு மணி வாக்கில் அச்சிடுவாள். கையெழுத்துப் போட்டு மாடியில் டாக்டரிடம் கொடுப்பாள். அன்று தானமாக ஒரு கண் வந்தால், தாளில் முதல் பெயர் யாருடையதோ அவருக்கு.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஒரு கண் வந்துவிட்டது. அன்றைய தாளில் முதல் பெயர் ஒரு வயலின் ஆசிரியையுடையது. அன்று மாலையே அவளுக்கு ஆப்பரேஷன் நடந்தது. புதன்கிழமை ஒரு தையல்காரர் வந்து, முதல் இடம் தன்னுடையது என்றார். பதிவேட்டைக் கணினியில் திறந்து பார்த்தார்கள். முதலில் தையல்காரர்தான் இருந்தார். வயலின் ஆசிரியை பதினான்காவது.

இன்று வெள்ளி. மாலை நாலு மணிக்கு விசாரணை.

"பதிவேடு சரியா இருக்கு. தாள் தப்பா இருக்கு. தாள்ல உங்க கையெழுத்து இருக்கு," என்றார் துப்பறிவாளர். "நான் விசாரணை அதிகாரியா இருந்தா காபி ஆறறதுக்குள்ள முடிச்சிருப்பேன்."

"நான் பிரிண்ட் பட்டனை அழுத்தினேன் சார். அவ்வளவுதான். ஸ்கிரீன்ல வந்ததுதான் தாள்ல வந்தது."

"வயலின் டீச்சர் எப்படி மேலே வந்தாங்கன்னு தோணலையா?"

"அவசரம்னா டாக்டருங்களே மேலே ஏத்துவாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது நடக்கும். அப்படித்தான் நினைச்சேன்."

மூலையில் இருந்த மச்சினன் குற்றச்சாட்டுக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தான். துப்பறிவாளரின் மனைவிக்குத் தம்பி. வேறு வேலை கிடைக்கும்வரை என்று சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது.

"அத்தான், கணினிப் பிரிவோட அறிக்கை மூணே வரி. 'பதிவேட்டில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. மாற்றப் பதிவிலும் ஏதும் இல்லை. தாள் இரண்டாம் கவுண்டரிலிருந்து அச்சானது.' என் கல்யாணப் பத்திரிகைகூட இவ்வளவு சுருக்கமா இல்ல."

"எழுதினவர் எப்படிப்பட்ட ஆளு?" என்று துப்பறிவாளர் அவளைக் கேட்டார்.

"நல்லவர்." கைப்பையின் ஜிப்பைப் பார்த்தபடி சொன்னாள்.

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"அண்ணன் ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்கறான். போலீஸ் வரைக்கும் போகாம பாத்துக்கலாம்கறான். நான் இங்கே வந்தது அவனுக்குத் தெரியாது."

"நல்ல யோசனைதானே? வேலை மட்டும்தான் போகும்."

"வேலை போகட்டும் சார். கண்ணு தெரியாத ஒருத்தர்கிட்டேர்ந்து கண்ணைப் பறிச்சவள்னு சொல்வாங்களே. அதோட நான் எங்கே போய் இருக்கறது?"

மச்சினன் புரட்டுவதை நிறுத்தினான். "அஞ்சாவது குற்றச்சாட்டு வேடிக்கையா இருக்கு. தையல்காரரோட புது போன் நம்பரைப் பதிஞ்சதா பொய் சொன்னாங்களாம்."

"பொய் இல்ல. அன்னைக்குப் பதினொண்ணு இருபதுக்கு அவர் வந்தார். புது நம்பர் குடுத்தார். மாத்தினேன். ஸ்கிரீனைப் பாத்து ஒவ்வொரு எண்ணா வாசிச்சுக் காட்டினேன். இப்போ பதிவேட்டுல பழைய நம்பர்தான் இருக்கு. எப்படின்னு தெரியலை."

"மாப்ளே," என்றார் துப்பறிவாளர், "கழுத்து வரைக்கும் மாட்டினவங்க இப்படி ஒரு பொய்யை எதுக்குச் சொல்லணும்?"

"ஓசியில கிடைச்சிருக்கும்."

"லாபமே இல்லாத பொய் அது. அதனால பொய்யா இருக்காது." அவள் பக்கம் திரும்பினார். "கவுண்டர்ல செய்யற மாத்தத்தை எல்லாம் எங்கேயாவது எழுதி வெப்பீங்களா?"

பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமைக்கு ஐந்து வரிகள் இருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் நேரம் இருந்தது.

"கணினியை எப்போ திறப்பீங்க?"

"காலைல எட்டரைக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் மூடுவேன். பழைய மிஷின் சார், உள்ளே நுழையறதுக்கே பத்து நிமிஷம் ஆகும். நடுவுல எந்திரிச்சாலும் அப்படியே திறந்துதான் கிடக்கும். எல்லா கவுண்டர்லயும் அப்படித்தான்."

"செவ்வாய்க்கிழமை உங்க இடத்துல வேற யாராவது உக்காந்தாங்களா?"

"இல்ல."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. துப்பறிவாளர் அதைக் கவனித்தார்.

*

தையல்காரர் ஒரு சட்டைக் கையை மூட்டிக்கொண்டிருந்தார். துணியின் ஓரத்தை இடது கை விரல்கள் தடவித் தடவி ஊசிக்குக் கொண்டுபோயின. இரண்டு கண்களிலும் பால் படிந்த மாதிரி இருந்தது.

"காலடி சத்தம் ரெண்டு பேரோடது," என்றார். "ஒருத்தர் செருப்பு தைக்கக் குடுக்க வேண்டியது."

"அது நான்தான்," என்றான் மச்சினன். "சம்பளம் குடுக்கறவர் பக்கத்துலயே நிக்கறார். அவர் காதுல விழட்டும்."

துப்பறிவாளர் செவ்வாய்க்கிழமை பற்றிக் கேட்டார். தையல்காரர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"நம்பரை வாசிச்சுக் காட்டினாங்க. உண்மை. கடைசியில ரெண்டு ஆறு வரும். அதைக்கூட 'ஆறு, இன்னொரு ஆறு'ன்னு சொன்னாங்க. மனசுல கள்ளம் இருக்கறவங்களுக்கு அவ்வளவு பொறுமை வராது."

"அப்போ நீங்க அவங்கமேல புகார் சொல்லலையா?"

"யார்மேலயும் சொல்லலை. எனக்கு வர வேண்டியது எங்கே போச்சுன்னு கேட்டேன். நீங்களே சொல்லுங்க, மூணு வருஷம் நாலு மாசம் காத்திருந்திருக்கேன். இப்போ எல்லாமே ஒரே சாம்பல் நிறம். வெள்ளைத் துணிக்குக் கறுப்பு நூல் போட்டுத் தெச்சுட்டேன்னு போன வாரம் ஒருத்தர் சட்டையைத் திருப்பிக் குடுத்துட்டுப் போனார்."

"உங்களுக்குத்தான் முதல் இடம்னு யாரு சொன்னா?"

"பக்கத்து மூணாவது கவுண்டர் அம்மா. நம்பர் மாத்தின கையோட அங்கே போனேன், ஒரு ரசீதுக்கு. 'நீங்கதாங்க முதல்ல இருக்கீங்க, போனைக் கையிலயே வெச்சிருங்க'ன்னாங்க. அதனாலதான் அன்னைக்கு ராத்திரி பூரா போனைக் கீழே வைக்கலை."

"நம்பர் மாத்தி எவ்வளவு நேரத்துல?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

வெளியே வந்ததும் மச்சினன் அந்த மூன்றாம் கவுண்டர்ப் பெண்ணுக்குப் போன் செய்தான். நோட்டில் இருந்த ஐந்து வரிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சரிபார்க்கச் சொன்னான். கேட்டுவிட்டுப் போனை வைத்தான்.

"முதல் மூணு மாத்தமும் பதிவேட்டுல இருக்கு. மூணாவது பத்து நாற்பதுக்கு. கடைசி ரெண்டும் இல்ல. அதுல முதல்ல வர்றது தையல்காரரோடது, பதினொண்ணு இருபது."

"சரி."

"என்ன சரி, அத்தான்? பதினொண்ணரைக்கு மூணாவது ஸ்கிரீன்ல தையல்காரர் முதல். பன்னிரண்டு ஏழுக்கு ரெண்டாவது ஸ்கிரீன்ல வயலின் டீச்சர் முதல். ஒரே பதிவேடு, ரெண்டு முகம். எனக்குத் தெரிஞ்சு அப்படி இருக்கறது எங்க அக்கா ஒருத்திதான்."

"உங்க அக்காதான் எனக்குப் பொண்டாட்டி. வாயைக் கழுவு."

*

அந்தப் பதிவேட்டின் கணினி நிரலை முதலில் எழுதிய பெண்மணி இப்போது ஒரு பேருந்து நிறுவனத்தில் இருந்தார். மாடியறை. மேஜையில் இரண்டு திரைகள். துப்பறிவாளர் சொல்லி முடித்தபோது அவர் பேனாவை மூடி வைத்தார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடினா. அடுத்த நாள் திறந்தா எல்லாம் பழையபடி இருந்தது. அதானே?"

"அதேதான்."

"இங்கே வந்து பாருங்க."

இரண்டு திரைகளிலும் ஒரே பட்டியல் இருந்தது. ஆறு பேருந்துகள், ஒன்றிலிருந்து ஆறு வரை. அவர் இடது திரையில் இரண்டு வரி தட்டினார். இடது திரையில் ஆறாவது பேருந்து முதலுக்கு வந்தது. வலது திரையில் எதுவும் அசையவில்லை.

"இதுக்கு டெம்ப் டேபிள்னு பேரு. தற்காலிக அட்டவணை. பெரிய கணக்குப் போடறப்போ ஓரமா ஒரு ரஃப் நோட்டு வெச்சுக்குவோமில்லையா, அது மாதிரி. நல்லதுக்குத்தான் இருக்கு. எந்த செஷன்ல அதை உண்டாக்கறோமோ அந்த செஷனுக்கு மட்டும்தான் அது தெரியும்."

"செஷன்னா?" என்றான் மச்சினன்.

"நீங்க உள்ளே நுழைஞ்சதுலேர்ந்து வெளியே வர்ற வரைக்கும். பக்கத்து ஸ்கிரீன் வேற செஷன். இப்படி ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாது."

"நிஜப் பட்டியல் எங்கே போச்சு?"

"எங்கேயும் போகலை. அதுக்கு 'பஸ்'னு பேரு. ரஃப் நோட்டுக்கும் நான் 'பஸ்'னே பேரு வெச்சேன். இனிமே இந்த இடது ஸ்கிரீன் 'பஸ்'ஸைக் கேட்டா, ரஃப் நோட்டுதான் முன்னாடி வந்து நிக்கும். நிஜம் பின்னாடி அப்படியே இருக்கும். யாரும் அதைத் தொடலை."

"எங்க வீட்ல 'குட்டி'ன்னு கூப்பிட்டா மூணு பேர் திரும்புவாங்க. அதுல வேலை செய்யாதவன் முதல்ல வந்து நிப்பான்," என்றான் மச்சினன்.

துப்பறிவாளர் இடது திரையைக் காட்டினார். "இதுல ஏதாவது ஒரு பஸ்ஸோட நம்பரை மாத்துங்க."

மாற்றினார். புது எண் திரையில் வந்தது.

"இப்போ மூடிட்டுத் திரும்பத் திறங்க."

மூடினார். திறந்தார். ஆறாவது பேருந்து ஆறாம் இடத்துக்குப் போயிருந்தது. மாற்றிய எண்ணும் பழைய எண்ணாகியிருந்தது.

"போன் நம்பர்," என்றான் மச்சினன். கூடவே ஒரு கிண்டலும் வரவில்லை.

"ஆமா. அவங்க நிஜமாவே மாத்தினாங்க. நிஜமாவே வாசிச்சுக் காட்டினாங்க. அது ரஃப் நோட்டுல விழுந்தது. அஞ்சு மணிக்கு நோட்டோட சேர்ந்து போயிடுச்சு." துப்பறிவாளர் பெண்மணியைப் பார்த்தார். "இதைச் செஞ்சவனுக்குப் பட்டியலோட வரிசை மட்டும்தான் வேணும். நடுவுல ஒருத்தர் போன் நம்பர் மாத்த வருவார்னு அவன் யோசிக்கலை."

"யோசிக்க வேண்டிய விஷயம் அது. அவசரத்துல இருந்திருப்பான்."

"அந்த டெம்ப் டேபிளோட தடயம் எங்கேயாவது மிச்சம் இருக்குமா?"

"தேடாதீங்க. செஷன் மூடினதும் தானா அழிஞ்சிடும். நிஜப் பட்டியல்ல கை வெச்சா, யாரு, எத்தனை மணிக்குன்னு மாற்றப் பதிவுல விழும். அதை நானே நினைச்சாலும் அழிக்க முடியாதபடிதான் எழுதினேன். ரஃப் நோட்டுக்கு அதெல்லாம் கிடையாது."

மூன்று வரி அறிக்கை துப்பறிவாளருக்கு ஞாபகம் வந்தது. மூன்று வரியும் உண்மை.

"இதை வேற ரூம்ல உக்காந்து செய்யலாமா?"

"செஞ்சா அந்த ரூம் ஸ்கிரீன்லதான் தெரியும். பிரிண்ட் எடுக்கறது ரெண்டாம் கவுண்டர்னா, அந்த நாற்காலியில உக்காந்து, அந்தப் பொண்ணு திறந்து வெச்ச செஷன்லயே செஞ்சாகணும். வேற வழியே இல்ல."

"அந்தப் பொண்ணே செஞ்சிருக்கலாமே?"

"கவுண்டர்ல இருக்கறவங்களுக்குப் படிவங்கள் மட்டும்தான். கட்டளை தட்டறதுக்கு ஸ்கிரீன்லயே தனியா ஒரு ஜன்னல் வெச்சேன். அதுக்குக் கடவுச்சொல் வேணும். கணினிப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும்."

"கணினிப் பிரிவுல எத்தனை பேர்?"

"ஒருத்தர்தான். நான் கிளம்பினப்போ அவர்கிட்டதான் சாவியைக் குடுத்துட்டு வந்தேன். பொறுப்பான மனுஷன். தங்கச்சிக்குக்கூட அங்கேயே வேலை வாங்கிக் குடுத்தார். ரெண்டாம் கவுண்டர்ல."

*

விசாரணை அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு இருந்தது. மணி மூன்று இருபத்தைந்து. அவள் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பத்து நாற்பதுக்கும் பதினொண்ணு இருபதுக்கும் நடுவுல உங்க அண்ணன் எதுக்கு வந்தார்?" என்றார் துப்பறிவாளர்.

அவள் மூன்றாம் கவுண்டர் பக்கம் பார்த்தாள். யாரும் இவர்களைக் கவனிக்கவில்லை.

"பிரிண்டர்ல கோடு விழுதுன்னு பாக்க வந்தான்."

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"இல்ல. அவனா வந்தான்."

"நீங்க எங்கே இருந்தீங்க?"

"நாற்காலியை அவனுக்குக் குடுத்துட்டு டீ வாங்கப் போனேன். அவனுக்கும் சேர்த்து."

மச்சினன் தொண்டையைச் செருமினான். துப்பறிவாளர் கை காட்டினார்.

"இதை ஏன் காலைல சொல்லலை?"

"திறந்திருக்கற செஷன்ல வேற ஆளை உக்கார வெச்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும் சார். அவனுக்குக் குடும்பம் இருக்கு. நான் தனி ஆளு. நான் வந்ததைச் சொல்லாதேன்னு அவனும் சொன்னான், உனக்கும் நல்லதில்லன்னு." துப்பறிவாளரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க நினைக்கறது தப்பு. எங்கப்பா போனப்புறம் என்னைப் படிக்க வெச்சவன் அவன். அந்த வயலின் டீச்சர் யாரோ எவரோ. முன்னே பின்னே தெரியாத பொண்ணுக்காக அவன் எதுக்கு என்னைக் குழியில தள்ளணும்?"

துப்பறிவாளர் கோப்பிலிருந்து வயலின் ஆசிரியையின் விண்ணப்பப் பிரதியை எடுத்தார். 'உடன் வருபவர்' என்ற இடத்தில் 'நண்பர்' என்று மட்டும் எழுதியிருந்தது. பக்கத்தில் பத்து எண்கள்.

"காலைலேர்ந்து ஏழு தடவை அடிச்சாச்சு," என்றான் மச்சினன். "தெரியாத நம்பர்னா எடுக்கற வழக்கம் இல்ல போல. கடன்காரனா இருப்பான், இல்லேன்னா புத்திசாலியா இருப்பான்."

"உங்க போன்லேர்ந்து அடிங்க," என்றார் துப்பறிவாளர்.

"நான் அடிச்சா மட்டும்?"

"அடிங்களேன்."

தாளைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். பத்தாவது எண்ணை அழுத்தியதும் திரையில் எண்களுக்கு மேலே ஒரு பெயர் வந்தது. வாண்டு. கூடவே ஒரு பழைய படம். அவள் மடியில் உட்கார்ந்து கேமராவை முறைக்கும் மூன்று வயதுப் பையன்.

அவள் அழைக்கவில்லை. துப்பறிவாளர் காத்திருந்தார். கடைசியில் கட்டைவிரல் தானாக நகர்ந்து பச்சைப் பட்டனைத் தொட்டது.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அத்தை? அப்பா சொல்லிட்டாரா?"

"என்ன சொல்லணும்?"

"அய்யய்யோ. இன்னும் சொல்லலையா? அத்தை, திட்டாதே. முதல்ல உன்கிட்டதான் கூட்டிட்டு வரணும்னு இருந்தேன். ரெண்டு வருஷமா பழக்கம். கல்யாணத்துக்குத் தேதிகூடப் பாத்தாச்சு. அப்பாதான், ஆப்பரேஷன் முடியட்டும், அதுவரைக்கும் அத்தைக்குத் தெரிய வேண்டாம்னார். உன்கிட்ட மறைச்சது எனக்கே பிடிக்கலை." மூச்சு வாங்கினான். "நேத்துக் கட்டு பிரிச்சாங்க அத்தை. மங்கலாத்தான் தெரியுதாம். ஆனா என் சட்டை நீலம்னு சொன்னா."

"நல்லா இருங்க," என்றாள். போனை வைத்தாள்.

மச்சினன் எழுந்துபோய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

"அவன் பொறந்தப்போ முதல்ல கையில வாங்கினது நான்," என்றாள். "கல்யாணத்துக்குத் தேதி பாத்துட்டாங்களாம்."

துப்பறிவாளர் கோப்பை மூடினார். "மூணாம் கவுண்டர் அம்மா சாட்சி சொல்ல வர்றாங்க. தையல்காரரும் வர்றார். டெம்ப் டேபிள் எப்படி வேலை செய்யும்னு செஞ்சு காட்ட, பதிவேட்டை எழுதினவங்க நாலு மணிக்கு இங்கே இருப்பாங்க. ஆனா அந்த நாற்காலியில யாரு உக்காந்தாங்கன்னு சொல்லக்கூடிய ஆள் நீங்க ஒருத்தர்தான். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். நான் தலையிட மாட்டேன்."

அவள் பதில் சொல்லுமுன் தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ஒருவர் வந்தார். நரைத்த தலை, இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு நீளக் கவர். மற்ற இருவரையும் ஏறிட்டுப் பார்த்தார்.

"இவங்க யாரும்மா?"

"தெரிஞ்சவங்க."

அண்ணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாப்பிட்டியா? முகமே வாடிப் போயிருக்கு. பாரு, உள்ளே போனா அதிகம் பேசாதே. கவனக்குறைவுன்னு சொல்லி ஒத்துக்கோ. போலீசுக்குப் போக மாட்டாங்க, நான் பேசி வெச்சிருக்கேன். ராஜினாமாவை நானே அடிச்சுக் கொண்டுவந்துட்டேன். நீ கையெழுத்து போட்டாப் போதும்."

கவரிலிருந்து தாளை எடுத்து அவள் முழங்கால்மேல் வைத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினார்.

அவள் தாளைப் படித்தாள். ஒரு பிழை இல்லை. அவளுடைய பெயர், பணியில் சேர்ந்த தேதி, எல்லாம் சரியாக இருந்தன.

"வாண்டு போன்ல பேசினான்," என்றாள்.

நீட்டிய பேனா அப்படியே நின்றது.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார் அண்ணன். "அவனை இதுல இழுக்காதே."

"இழுக்கலை."

"எந்த அப்பனா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பான். உனக்குப் புரியாது."

"அந்தத் தையல்காரர் உள்ளே வரப்போறார். அவரைப் பாத்தியா நீ?"

அண்ணன் பேனாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி அழுத்தினார்.

விசாரணை அறைக் கதவு திறந்தது. "ரெண்டாம் கவுண்டர்," என்று ஒரு குரல் கூப்பிட்டது.

அவள் எழுந்தாள். கையெழுத்துப் போடாத தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். இரண்டு அடி நடந்தவள் நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

"உன் ரூம்லேர்ந்து கிளம்பறப்பவே நான்தான் மாட்டுவேன்னு தெரிஞ்சு வந்தியாண்ணா, இல்ல என் நாற்காலியில உக்காந்தப்புறம்தான் தெரிஞ்சுதா?"